ஆசிலேட்டிங் மல்ட்டி டூலா, தனிச் சாண்டரா?

மரவேலையிலோ வீட்டுப் பழுதுபார்ப்பிலோ புதிதாக இறங்குகிறவர், துளையிடும் இயந்திரத்துக்கு அடுத்தபடியாக எந்த மின்கருவியை வாங்கலாம் என்று யோசிக்கும்போது இரண்டு பெயர்கள் முன்னால் வந்து நிற்கும். ஒன்று ஆசிலேட்டிங் மல்ட்டி டூல். மற்றொன்று உப்புத்தாள் தேய்ப்பதற்கென்றே செய்யப்பட்ட சாண்டர். மல்ட்டி டூலின் பெட்டியைத் திறந்தால், அறுக்கும் பிளேடு, சுரண்டும் தகடு ஆகியவற்றோடு ஒரு முக்கோணத் தேய்ப்புத் தட்டும் அதற்கேற்ற உப்புத்தாள்களும் பெரும்பாலும் இருக்கும். அறுக்கவும் சுரண்டவும் தேய்க்கவும் ஒரே கருவி போதுமென்றால், தேய்ப்பதற்கு மட்டும் தனியாக ஒன்று எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடை, உப்புத்தாளை ஒவ்வொரு கருவியும் எப்படி அசைக்கிறது என்பதில் இருக்கிறது. அந்த அசைவைப் புரிந்துகொண்டவருக்கு, எந்த வேலைக்கு எதை எடுப்பது என்று பிறரிடம் கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

மல்ட்டி டூலின் முனையில் உள்ள அச்சு முழுச் சுற்றாகச் சுழல்வதில்லை. அது இடமும் வலமுமாக மிகச் சிறிய கோணத்தில் ஆடுகிறது. பெரும்பாலான கருவிகளில் மொத்த ஆட்டமே 3 முதல் 4 பாகை வரைதான். ஆனால் அந்தச் சிறிய ஆட்டம் நிமிடத்துக்கு 10,000 முதல் 20,000 முறை வரை நிகழ்கிறது. எலும்பு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டை அறுத்தெடுப்பதற்காக ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1967-இல் கொண்டுவந்த ரம்பம் இந்த அசைவில்தான் இயங்கியது. கெட்டியான மாவுக்கட்டு அறுபடும். அடியில் உள்ள மென்மையான தோலோ பற்களோடு சேர்ந்து சற்றே அசைந்துகொடுத்துத் தப்பிவிடும். அதே நிறுவனம் 1980-களில் இந்த அசைவோடு முக்கோணத் தட்டை இணைத்து, மூலைகளைத் தேய்க்கும் கருவியாகப் பட்டறைகளுக்குக் கொண்டுவந்தது. விதவிதமான பிளேடுகள் அதன் பிறகே பெருகின. 2008 வாக்கில் காப்புரிமைக் காலம் முடிந்ததும் மற்ற நிறுவனங்களும் இக்கருவியைச் செய்யத் தொடங்கின. ஆகவே மல்ட்டி டூல் தேய்ப்பதற்கு லாயக்கற்றது என்று சொல்வது தவறு. மூலையைத் தேய்ப்பது அதன் பழைய தொழில். அதே கருவியால் ஒரு மேசைப் பலகை முழுவதையும் தேய்க்க முற்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அந்தச் சிக்கலை ஒரு கதவைக் கொண்டு விளக்கலாம். கதவைத் திறக்கும்போது கைப்பிடி இருக்கும் பக்கம் நீண்ட வளைவில் நகர்கிறது. கீல் இருக்கும் பக்கமோ ஏறத்தாழ இருந்த இடத்திலேயே திரும்புகிறது. முக்கோணத் தட்டிலும் இதுவே நடக்கிறது. பக்கத்துக்கு 93 மி.மீ. அளவுள்ள தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால், நடு அச்சிலிருந்து முனைவரை சுமார் 54 மி.மீ. இருக்கும். மொத்த ஆட்டம் 3 பாகை என்று வைத்தால், முனையில் உள்ள உப்புத்தாள் ஒரு வீச்சில் ஏறத்தாழ 2.8 மி.மீ. நகரும். அச்சிலிருந்து 5 மி.மீ. தள்ளியுள்ள இடம் கால் மில்லிமீட்டர்தான் நகரும். கருவி எவ்வளவு வேகமாக ஓடினாலும் இந்த விகிதம் மாறாது. மூன்று முனைகளும் மும்முரமாக மரத்தைத் தின்றுகொண்டிருக்க, தட்டின் நடுப்பகுதி பெயருக்கு மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும்.

தனிச் சாண்டர்களில் இன்று அதிகம் பயன்படுவது ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர். அதன் வட்டத் தட்டு மோட்டாரின் அச்சுக்கு நேராகப் பொருத்தப்படாமல், சற்று விலக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். மோட்டார் சுழலும்போது தட்டு முழுவதும் ஒரு சிறு வட்டத்தில் அலைகிறது. அந்த வட்டத்தின் விட்டம், நுண்வேலைக்கான கருவிகளில் சுமார் 2.5 மி.மீ., அதிகம் தேய்த்தெடுக்கும் கருவிகளில் சுமார் 5 மி.மீ. இங்கே கவனிக்க வேண்டியது, உப்புத்தாளில் ஒட்டியுள்ள மணல்துகள்களில், தட்டின் நடுவில் இருக்கும் ஒரு மணலும் விளிம்பில் இருக்கும் ஒரு மணலும் ஒரே அளவுள்ள வட்டத்தையே போடுகின்றன என்பதுதான். அதற்கு மேலாக, தட்டு தாங்கியின் (பேரிங்) மீது கட்டின்றி இருப்பதால் அலைந்துகொண்டே மெதுவாகச் சுழலவும் செய்கிறது. இரண்டு அசைவுகளும் கலப்பதால் எந்த மணலும் தான் போன தடத்திலேயே மீண்டும் மீண்டும் போவதில்லை. கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆழமாகாமல் சிதறிப்போகின்றன.

வேகத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். 2.5 மி.மீ. வட்டத்தில் நிமிடத்துக்கு 12,000 முறை அலையும் சாண்டரில், உப்புத்தாளின் ஒவ்வொரு புள்ளியும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 94 மீட்டர் தொலைவு மரத்தை உரசுகிறது. நிமிடத்துக்கு 20,000 ஆட்டம் போடும் மல்ட்டி டூலில் முக்கோணத்தின் முனை ஏறத்தாழ 112 மீட்டர் உரசுகிறது. முனைக்கும் அச்சுக்கும் நடுவழியில் உள்ள இடம் 56 மீட்டர். அச்சை ஒட்டிய இடம் 10 மீட்டர் அளவே. முனை சாண்டரைவிட வேகமாகத் தேய்க்கிறது என்பது இக்கணக்கில் தெரிகிறது. மூலைக்குள் நுழையும்போது அந்த வேகம் ஒரு வரம். அகன்ற பலகையின் மேல் அதுவே ஆபத்து. பரப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 125 மி.மீ. விட்டமுள்ள சாண்டர் தட்டின் பரப்பு சுமார் 123 சதுர செ.மீ.; முக்கோணத் தட்டின் பரப்பு 37 சதுர செ.மீ. அளவே, அதிலும் முனைகளை ஒட்டிய பகுதிதான் உருப்படியாக வேலை செய்கிறது.

மல்ட்டி டூலால் ஒரு பலகையைத் தேய்த்து முடித்தவுடன் கையால் தடவிப் பார்த்தால் வழவழப்பாகத்தான் இருக்கும். வார்னிஷ் பூசி, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும்படி வைத்துப் பார்க்கும்போது, தட்டின் முனை சற்றே அதிக நேரம் நின்ற இடங்களெல்லாம் ஆழமற்ற குழிகளாகத் தென்படும். அவற்றுக்கிடையே பிறை வடிவக் கீறல்களும் தெரியும். வெனீர் ஒட்டிய பலகையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மேலே உள்ள மரத்தோல் பல பலகைகளில் 0.6 மி.மீ. அளவோ அதற்கும் குறைவோதான் இருக்கும். முனை ஒரே இடத்தில் சில விநாடிகள் அழுந்தினாலே அது கரைந்து, அடியில் உள்ள ஒட்டுப்பலகையின் நிறம் எட்டிப் பார்க்கும். அதை மீண்டும் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. ஆகவே வெனீர் பரப்பின் மேல் மல்ட்டி டூலை வைக்கவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

முனைகளிலேயே வேலை நடப்பதால் சூடும் அங்கேதான் சேர்கிறது. உப்புத்தாளைப் பிடித்து வைத்திருக்கும் வெல்க்ரோவின் கொக்கிகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. கருவியை அழுத்திப் பிடித்தால் அவை முனைகளில் உருகி மழுங்கி, அதன் பிறகு புதுத்தாள் ஒட்டினாலும் நிற்காமல் நழுவும். பழைய பெயின்ட்டும் அந்தச் சூட்டில் இளகித் தாளில் அப்பிக்கொள்ளும். இதற்குத் தீர்வு வேகத்தைக் குறைப்பது, அழுத்தாமல் கருவியின் எடையை மட்டும் தாங்கவிடுவது, ஒரு முனை தேய்ந்ததும் தாளைக் கழற்றி அடுத்த முனை முன்னால் வரும்படி திருப்பி ஒட்டுவது. ஒரு தாளுக்கு மூன்று முனைகள் இருப்பதால் மூன்று ஆயுள் உண்டு. புதியவர்கள் பலர் முதல் முனை தேய்ந்ததுமே தாளை எறிந்துவிடுகிறார்கள். மல்ட்டி டூலின் துணைப்பொருள்கள் மலிவானவை அல்ல என்பதால் இது வீண்செலவு.

சாண்டருக்கும் தனக்கென்று சில பலவீனங்கள் உண்டு. வட்டத் தட்டால் எந்த மூலைக்குள்ளும் நுழைய முடியாது. நாற்காலியின் கால்களும் குறுக்குச் சட்டங்களும் கூடும் இடம், ஜன்னல் சட்டத்தின் உள்மூலை, படிக்கட்டுப் பலகையும் சுவரும் சேரும் ஓரம், அலமாரியின் உட்புறம் ஆகிய இடங்களில் அது சில சென்டிமீட்டர் தள்ளியே நின்றுவிடும். வலிய உள்ளே தள்ளினால் சுழலும் விளிம்பு பக்கச் சட்டத்தில் மோதி, அதில் ஒரு வடுவைப் போட்டுவிடும். முக்கோணத் தட்டின் இடம் இங்கேதான். கையால் உப்புத்தாளை மடித்து விரல் நுனியில் வைத்துத் தேய்த்தால் பொறுமை கெடுகிற இத்தகைய மூலைகளில், அந்தச் சிறிய ஆட்டம் எதன்மேலும் மோதாமல் விளிம்புவரை போய்த் தேய்த்துவிட்டு வரும். தட்டைக் கிடைமட்டமாக வைத்து, முனையை மூலையை நோக்கித் திருப்பி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் மெல்ல வெளியே இழுத்துக்கொண்டே வருவது இதற்கான முறை.

தேய்ப்பதை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், மல்ட்டி டூலின் உண்மையான மதிப்பு வேறு கருவி புக முடியாத இடத்தில் அறுப்பதில் இருக்கிறது. தரையில் புதுப் பலகையோ டைலோ பதிக்கும்போது கதவு நிலையின் அடிப்பகுதியைத் தரையோடு தரையாக அறுத்தெடுக்க வேண்டியிருக்கும். சுவரில் பொருத்திய பலகையின் நடுவில் சுவிட்சுப் பெட்டிக்கு ஒரு செவ்வகத் துளை இட வேண்டியிருக்கும். டைல்களுக்கு இடையில் உள்ள பழைய நிரப்புச் சாந்தை (கிரவுட்)க் கார்பைடு பிளேடால் சுரண்டியெடுக்க வேண்டியிருக்கும். இரண்டு பலகைகளுக்கு நடுவே மாட்டிய ஆணியைப் பைமெட்டல் பிளேடால் துண்டிக்க வேண்டியிருக்கும். இவற்றில் எதையும் எந்தச் சாண்டரும் செய்யாது. வட்ட ரம்பத்தைப் போல இக்கருவி துள்ளிப் பின்னால் உதைப்பதில்லை என்பதால், புதியவர் கையில் ஓரளவு பாதுகாப்பானதும்கூட. அதற்காகக் கண்ணாடியையும் காதுக்கவசத்தையும் தவிர்க்கக் கூடாது. இதன் சத்தம் அதன் உருவத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குப் பெரியது.

சாண்டர் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் சில வகைகள் உள்ளன. சதுரத் தட்டுள்ள ஷீட் சாண்டர், சாதாரண உப்புத்தாளை நான்காக வெட்டி மாட்டிக்கொள்ளக்கூடியது. அதன் தட்டு சிறு வட்டமிடுமே தவிரச் சுழலாது, எனவே நேர் ஓரங்களையும் செங்கோண மூலைகளின் அருகையும் ஓரளவு எட்டும். வேகம் குறைவு. பெல்ட் சாண்டர், உருளைகளின் மேல் ஒரே திசையில் ஓடும் பட்டையால் மரத்தை வேகமாகத் தின்னும். கரடுமுரடான பலகைகளைச் சமன்செய்ய ஏற்றது என்றாலும் ஒரு கணம் கவனம் தவறினால் பள்ளம் விழுந்துவிடும். முதல் கருவியாக அதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பல்வேறு வேலைகளுக்கும் இடம்கொடுத்து, கற்றுக்கொள்பவரின் பிழைகளையும் பொறுத்துக்கொள்வது ரேண்டம் ஆர்பிட்டல் வகைதான்.

அதைப் பிடிக்கும் முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேகமாக முடிய வேண்டும் என்று கருவியை அழுத்துவது எல்லோருக்கும் வரும் பழக்கம். அழுத்தினால் தட்டின் சுழற்சி நின்றுபோய், வட்டமிடும் அசைவு மட்டும் எஞ்சும். அப்போது மணல்கள் ஒரே இடத்தில் சுருள் சுருளாகக் கீறத் தொடங்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, தட்டின் பக்கவாட்டு விளிம்பில் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டுவிடுவது. கருவி ஓடும்போது அந்தக் கோடு மெதுவாகச் சுற்றிச் சுற்றி வருவது கண்ணுக்குத் தெரிந்தால் அழுத்தம் சரியாக இருக்கிறது; கோடு ஓரிடத்திலேயே நின்று நடுங்கினால் கையைத் தளர்த்த வேண்டும். நகர்த்தும் வேகம் விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருந்தால் போதும். புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் இதைவிடப் பல மடங்கு வேகமாகவே நகர்த்துகிறார்கள்.

எந்தக் கருவியாக இருந்தாலும் உப்புத்தாளின் வரிசை ஒன்றுதான். பழைய பூச்சை எடுக்க 60 அல்லது 80 கிரிட், சமன்செய்ய 120, பூச்சுக்கு முன் 180 என்று படிப்படியாகப் போக வேண்டும். எண் கூடக் கூட மணல் பொடியாகும். 80-இலிருந்து நேராக 180-க்குத் தாவினால், முன்னதன் கீறல்களைப் பின்னது அழிக்க முடியாமல் திணறும். இரண்டு கருவிகளையும் ஒரே பொருளின் மேல் பயன்படுத்தும்போது, மூலையிலும் நடுப்பரப்பிலும் கடைசித் தாளின் எண் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இல்லையென்றால் நிறச்சாயம் பூசும்போது கரடான இடம் அதிகம் உறிஞ்சி, மூலைகள் தனியாகக் கறுத்துத் தெரியும். இறுதியாக இரண்டு பகுதிகளும் சேரும் எல்லையை, கையில் ஒரு கட்டையைச் சுற்றிய தாளால் மரத்தின் ரேகை ஓடும் திசையில் தேய்த்துவிட்டால், எது எந்தக் கருவியால் தேய்த்தது என்பது தெரியாமல் போகும்.

தூசி விஷயத்தில் சாண்டருக்குத் தெளிவான மேன்மை உண்டு. அதன் தட்டிலும் தாளிலும் துளைகள் இருப்பதால் தூசி எழுந்த இடத்திலேயே உறிஞ்சப்பட்டுப் பைக்கோ, குழாய் மாட்டினால் தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கோ போய்விடும். தாளும் அடைபடாமல் நெடுநேரம் உழைக்கும். மல்ட்டி டூல்கள் பலவற்றில் இதற்கான ஏற்பாடு இருப்பதில்லை, அல்லது தனியாக வாங்கி மாட்ட வேண்டியிருக்கும். இது வசதி சார்ந்த விஷயம் மட்டும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசியை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995-லேயே சேர்த்திருக்கிறது. அதனால் எந்தக் கருவியானாலும் முகக்கவசம் கட்டாயம். பழைய கட்டடங்களின் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு; அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான ஈயப் பெயின்ட் தடைசெய்யப்பட்டதே 1978-இல்தான். அப்படிச் சந்தேகம் உள்ள பூச்சை இந்த இரண்டு கருவிகளில் எதனாலும் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. முதலில் பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

இனி எதை வாங்குவது என்ற கேள்விக்கு வரலாம். உங்கள் கையில் இருக்கும் வேலைகளில் அகன்ற பரப்பு எவ்வளவு என்று பாருங்கள். மேசை, கதவு, அலமாரிப் பலகை, கட்டில் சட்டம் ஆகியவற்றைத் தேய்த்துப் பூச்சிடுவதுதான் நோக்கம் என்றால், தயங்காமல் 125 மி.மீ. சாண்டரை வாங்கலாம்; எஞ்சும் மூலைகளைக் கையாலேயே தேய்த்துக்கொள்ளலாம், அது அவ்வளவு பெரிய உழைப்பு இல்லை. பரப்பு வேலை அரிதாகவும், வீட்டில் எதையாவது அறுப்பது, சுரண்டுவது, பொருத்துவது ஆகியவை அடிக்கடியும் வருமானால் மல்ட்டி டூலை முதலில் வாங்குங்கள். அதன் முக்கோணத் தட்டைக் கூடுதல் பயனாக வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் சட்டங்களையும் நாற்காலிகளையும் மட்டுமே புதுப்பிக்கப்போகிறவர் என்றால், பரப்பு குறைவு, மூலை அதிகம் என்பதால் மல்ட்டி டூலே பொருத்தம். மல்ட்டி டூல் ஏற்கெனவே இருக்கிறது, ஒரு மேசையைத் தேய்க்க வேண்டும், சாண்டர் வாங்க மனமில்லை என்பவருக்கு, கட்டையில் சுற்றிய உப்புத்தாளே நல்லது என்பது என் முடிவு. நேரம் அதிகம் பிடித்தாலும் பலகை சமமாக வரும்.

மல்ட்டி டூல் வாங்கும்போது பிளேடு மாட்டும் பிடியின் வகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபைனும் போஷும் சேர்ந்து 2016-இல் கொண்டுவந்த ஸ்டார்லாக் போன்ற பிடிகளில் எல்லாப் பிளேடுகளும் பொருந்துவதில்லை. பின்னால் எளிதில் கிடைக்கும் பிளேடுகள் அக்கருவிக்குச் சேருமா என்பதை முதலிலேயே உறுதிசெய்துகொள்வது நல்லது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இல்லாத மல்ட்டி டூலால் தேய்க்கும் வேலையைச் சரிவரச் செய்ய முடியாது. சாண்டரில் பார்க்க வேண்டியது, கருவியை மரத்திலிருந்து தூக்கியதும் தட்டு வெறித்தனமாகச் சுழலாமல் தடுக்கும் பிரேக் இருக்கிறதா, தட்டில் உள்ள துளைகளின் அமைப்புக்கேற்ற தாள்கள் கிடைக்கின்றனவா என்பவை. துளைகள் ஒன்றோடொன்று பொருந்தாத தாளை ஒட்டினால் தூசி போகும் வழி அடைபட்டு, சாண்டரின் பாதிப் பயன் அங்கேயே போய்விடும்.